மழைமறைவும் ஏரிக்கரையும்: தென்சென்னைப் பறவைகளின் வரலாறு

ஆங்கிலேய இயற்கை அறிஞர் ஜான் ரே எழுதி, அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து 1713இல் லண்டனில் வெளிவந்த பறவை நூலின் பின்னிணைப்பில், புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் பக்லி அனுப்பிவைத்த சென்னைப் பறவைகளின் படங்கள் இடம்பெற்றன. இந்தியாவின் குறிப்பிட்ட ஓர் ஊரைச் சுற்றி வாழும் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பதிவுகளுள் அதுவும் ஒன்று. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1789இல், ஜெர்மானிய அறிஞர் கிமெலின் வெண்புருவ வாலாட்டிக்கு மதராசப்பட்டினத்தின் பெயரைக் கொண்டே அறிவியல் பெயர் இட்டார். இவ்வாறு சென்னையின் பெயர் உலகப் பறவையியலில் மிகத் தொடக்கத்திலேயே பதிந்துவிட்டது.

அந்த வாலாட்டி நீர்நிலைகளின் ஓரத்தில் ஆண்டு முழுவதும் வாழ்வது. இந்தியத் துணைக்கண்டத்தை விட்டு வெளியே செல்லாதது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த சாம்பல் வாலாட்டியும் கொடிக்கால் வாலாட்டியும் குளிர்காலத்தில் மட்டும் வந்து தங்கி, கோடை முற்றுமுன் தம் நாடு திரும்பிவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கே உரிய மலபார் சாம்பல் இருவாச்சிக்கும் நீலச்சிறகுக் கிளிக்கும் மயிலாப்பூரில் இடமில்லை. மயிலாப்பூருக்குப் பழக்கமான மயிலோ மிக அண்மைக்காலம் வரை கேரளத்தின் பெரும்பகுதியில் அரிதாகவே இருந்தது. ஓர் உயிரினம் எங்கே வாழ்கிறது, எங்கே வாழ்வதில்லை, அதற்குக் காரணம் என்ன என்று ஆராயும் துறை உயிரினப் புவியியல் எனப்படும். அத்துறை கூறும் விடைகள், அதாவது மலைத்தொடர், மழைக்காலம், மண், கடல் ஆகிய காரணங்கள், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளைக் கொண்ட தென்சென்னையில் ஒருங்கே செயல்படுவதைக் காணலாம். அவற்றோடு ஐந்தாவதாக மனிதர் கையும் சேர்ந்தது. முதலில் ஏரிகளை வெட்டி, பிறகு அவற்றைத் தூர்த்து, இவ்வட்டாரப் பறவைகளின் எல்லைகளை அது இருமுறை திருத்தி எழுதியது.

மலைத்தொடரும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, தன் ஈரத்தின் பெரும்பங்கை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள நிலம் அக்காற்றின் மழையைச் சிறிதளவே பெறுகிறது. இவ்வாறு மலை மறைப்பதால் மழை குன்றும் நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். மங்களூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்ய, சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மட்டுமே. அதிலும் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றாலும் வங்கக்கடல் புயல்களாலும் வருகிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக் கூடத்தின் தொடர்ச்சியாக அங்கு இன்றும் நடந்துவரும் அளவீடுகள், இந்த மழைமுறையின் இயல்பையும் அது பொய்த்த ஆண்டுகளின் கொடுமையையும் ஒருங்கே காட்டுகின்றன.

இந்த வேறுபாட்டைப் பறவைகளின் வழியே முதலில் முறையாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர், 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்த தாமஸ் ஜெர்டன். தீபகற்ப இந்தியாவின் பறவைகளைப் பற்றி அவர் தொகுத்த பட்டியல் 1839 முதல் சென்னையின் இலக்கிய அறிவியல் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது. பின்னர் 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் நெடுங்காலம் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது. நிலவியலறிஞர் பிளான்ஃபோர்ட் 1901இல் இந்தியாவை விலங்குகளின் பரவலை ஒட்டிப் பல பகுதிகளாகப் பிரித்தபோது, மேற்குக் கரையின் மலபார் பகுதியையும் சென்னையை உள்ளடக்கிய கிழக்குச் சமவெளியையும் தனித்தனியாக வைத்தார். வரைபடத்தில் அருகருகே தோன்றும் இரண்டு கரைகள் பறவைகளைப் பொறுத்தவரை இரண்டு நாடுகள் என்பது அவ்வாறு உறுதிப்பட்டது.

எனினும் மலைத்தொடர் எல்லாப் பறவைக்கும் ஒரே வகையான தடை ஆவதில்லை. கோயம்புத்தூருக்கு மேற்கே மலைத்தொடர் அறுபட்டு, 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயாகத் தாழ்ந்து கிடக்கிறது. மலையுச்சிச் சோலைக்காட்டின் குளிரையும் நிழலையும் விட்டு வெளிவராத சிறு பறவைகளுக்கு இந்தத் தாழ்ந்த, வெப்பமான வெளி கடக்க முடியாத பள்ளம். ஆகவே கணவாயின் வடக்கே நீலகிரிச் சோலைக்கிளியும் தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் நெடுங்காலமாகப் பிரிந்து வெவ்வேறு இனங்களாக வளர்ந்துவிட்டன. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017இல் இவற்றுக்குத் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. அதே கணவாய், வறண்ட நிலத்து மயிலுக்கோ வழியாக அமைந்தது. தமிழகச் சமவெளியின் வறட்சி கணவாய் வழியே மேற்கே நீளும் பாலக்காட்டில் மயில்களுக்கென்றே சூலனூரில் ஒரு சரணாலயம் இருக்கிறது; அண்மைக்காலத்தில் கேரளத்தின் பிற மாவட்டங்களிலும் மயில் பரவிவருவதை அங்குள்ள நிலம் வறண்டுவருவதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எது தடை, எது வழி என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பறவைக்கு வேண்டிய உணவும் கூடுகட்டும் இடமும் அங்கே தொடர்ந்து கிடைக்கின்றனவா என்பதே தீர்மானிக்கிறது.

கடலுக்கும் இது பொருந்தும். கிண்டியின் புதர்க்காட்டில் கூவும் வெண்புருவக் கொண்டைக்குருவியும், அடையாற்றுத் தோட்டங்களில் கூட்டமாகத் தரையில் குதித்துத் திரியும் வெண்தலைத் தவிட்டுக்குருவியும் உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்பவை. உறைபனிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக் நீரிணை நிலமாக இருந்தது. அந்நிலத்தின் இருமருங்கும் வறண்ட புதர்க்காடாக அமைந்ததால், சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவான பறவைகள் பல. இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களுள் பெரும்பாலானவை அத்தீவின் தென்மேற்கிலுள்ள ஈரவலயத்தையும் நடுமலைகளையும் சார்ந்தவை. தீவின் வடக்கும் கிழக்குமான உலர்வலயம் தமிழகக் கரையோடு உறவு கொண்டிருக்க, அதே தீவின் ஈரவலயம் தனித்து நிற்கிறது என்பதிலிருந்து, பறவைகளைப் பிரிப்பதில் கடலைவிட மழை வலியது என்று கொள்ளலாம்.

மூன்று நிலங்கள்

நிலத்தையும் பறவையையும் இணைத்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்கும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்து எண்ணுகிறது. பின்வந்த உரையாசிரியர்கள் மருதத்துக்கு நாரையையும் முல்லைக்குக் காட்டுக்கோழியையும் பாலைக்குப் பருந்தையும் கழுகையும் உரியவையாகக் காட்டினர். பறவை தன் நிலத்தின் விளைபொருள் என்ற தெளிவு அப்பகுப்பில் உண்டு. தென்சென்னையின் பழைய நிலஅமைப்பைப் புரிந்துகொள்ள அந்தப் பகுப்பே போதிய கருவியாக அமைகிறது. ஏனெனில் கடலிலிருந்து மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்குள் நெய்தல், மருதம், முல்லை ஆகிய மூன்றும் இங்கே அடுத்தடுத்து இருந்தன.

சாந்தோமிலிருந்து அடையாறு கடந்து திருவான்மியூர் வரை நீளும் மணற்கரையும் ஆற்றின் முகத்துவாரமும் நெய்தல் நிலம். அதற்கு மேற்கே, பழைய கடற்கரையின் மணல்மேடுகள் மீது பனையும் முள்ளும் வளர்ந்திருந்தன; போர்ச்சுகீசியர் 1516இல் மயிலாப்பூருக்கு அருகே கட்டிய லஸ் தேவாலயம் இன்றும் காட்டுக்கோயில் என வழங்குவதே அவ்விடம் அன்று எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று. மயில் வடிவில் உமை சிவனை வழிபட்டதாகச் சொல்லும் கபாலீசுவரர் கோயில் தலபுராணமும் மயில் விரும்பும் இத்தகைய வறண்ட புதர்நிலத்தோடு நன்கு பொருந்துகிறது. இன்னும் மேற்கே ஏரிப்பாசனத்தால் விளைந்த வயல்கள் மருதமாகவும், தென்மேற்கே கிண்டியின் புதர்க்காடும் புல்வெளியும் முல்லையாகவும் அமைந்தன.

கிண்டியில் எஞ்சியிருப்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற அரிய வகை. ஆண்டில் பல மாதங்கள் மழையின்றி இருந்தும் கோடையின் நடுவில் இலையுதிர்க்காமல், தடித்த சிறு இலைகளால் நீரைச் சேமித்துப் பசுமையாகவே நிற்கும் மரங்களும் செடிகளும் கொண்ட இக்காடு, சோழமண்டலக் கரையோரமாகவும் இலங்கையின் உலர்வலயத்திலும் துண்டு துண்டாக உள்ளது. களா, காரை, சூரை முதலிய முட்செடிகளின் கனிகள் கொண்டைக்குருவிகளுக்கும் குயிலுக்கும் உணவாகின்றன. அப்பறவைகள் விதைகளைப் பரப்புகின்றன. பனையோலையின் அடிப்பக்கத்தில் தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடமைக்கும் பனை உழவாரனுக்கோ பனை இல்லாத ஊரில் வாழ்வு அரிது. நீர்மேல் தாழ்ந்த பனைமட்டையைத் தேடும் தூக்கணாங்குருவிக்குப் பனையும் வேண்டும், பக்கத்தில் நெல்லும் புல்லும் வேண்டும், கீழே நீரும் வேண்டும். இம்மூன்றும் ஒன்றுசேரும் இடத்தை ஆக்கித் தந்தது இயற்கையைவிட அதிகமாக ஏரி வெட்டிய மனிதர்களே.

ஏரிகள்

பெரும்பாலும் மூன்று மாதத்தில் கொட்டித் தீரும் மழையை ஆண்டு முழுவதற்கும் சேமிக்க வேண்டிய கட்டாயமே தொண்டைமண்டலத்தின் ஏரிகளைத் தோற்றுவித்தது. நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பி, மதகு வழியே வயலுக்கு நீர் பாய்ச்சி, நிறைந்தபின் மிஞ்சும் நீரைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு விடும் இந்த முறையில், ஓர் ஆற்றுப்படுகையின் ஏரிகள் அனைத்தும் சங்கிலியாக இணைந்திருந்தன. ஆழமற்ற நீர், கோரைப்புல், நத்தையும் மீனும் தவளையும், கரையில் வரிசையாகப் பனையும் கருவேலும் என ஏரி ஒவ்வொன்றும் நீர்ப்பறவைகளுக்கு முழுமையான இருப்பிடமாயிற்று. மழைமறைவுப் பகுதியின் வறட்சி என்ற தடையை ஏரிகள் பெருமளவு நீக்கிவிட்டன என்றே கூற வேண்டும்.

இந்த மழைமுறை பறவைகளின் இனப்பெருக்கக் காலத்தையே மாற்றியமைத்தது. இராசத்தானின் பரத்பூரில் தென்மேற்குப் பருவமழையால் நீர்நிலைகள் நிறையும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடுகட்டத் தொடங்க, சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கலில் அதே இனங்கள் வடகிழக்கு மழையால் ஏரி நிறைந்த பின், நவம்பர், டிசம்பரில்தான் கூடுகட்டுகின்றன. குஞ்சு பொரிந்து, அதன் பசி உச்சத்தை எட்டும் வேளையில் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் நிறைந்திருக்க வேண்டும். அந்த வேளை வடக்கில் ஆவணி, புரட்டாசியில் வருகிறது, தொண்டைமண்டலத்தில் தை, மாசியில் வருகிறது. நாட்காட்டியைப் பார்க்காமல் நீர்மட்டத்தைப் பார்த்தே பறவைகள் கூடுகட்டுவதால், பருவமழை பொய்த்த ஆண்டில் வேடந்தாங்கலின் மரங்களும் பறவையின்றி நிற்கின்றன.

வேடந்தாங்கல் மக்கள் இவ்வுறவை நன்கு அறிந்திருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர். அந்த உரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. உழவுக்காக வெட்டிய ஏரியும் அதை நாடிவந்த பறவையும் ஒன்றையொன்று காத்த வரலாறு அது.

அதே வகையைச் சேர்ந்த ஏரிதான் இன்றைய சென்னையின் நடுவே கிடந்த மயிலாப்பூர் ஏரி. சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வடக்காக நீண்டு, நுங்கம்பாக்கம் ஏரியோடு தொடர்ந்திருந்த இந்நீர்ப்பரப்பை, அதன் நீண்ட வடிவம் கருதி ஆங்கிலேயர் தம் வரைபடங்களில் நீள ஏரி என்று குறித்தனர். இன்று அதே பரப்பில் தியாகராய நகர் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் இதே அமைப்புள்ள ஏரிகளில் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், புள்ளிமூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி ஆகியவை நிலையாக வாழ்வதையும், குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் வடக்கிலிருந்து வந்து சேர்வதையும், கரைப்பனைகளில் தூக்கணாங்குருவி கூடு தொங்குவதையும் காணலாம். ஏரி இருந்த காலத்து இப்பகுதியின் இயல்பை அவற்றைக் கொண்டே அறியலாம்.

ஏரி போய் நகர் வந்தது

19ஆம் நூற்றாண்டில் நகரம் வளர வளர, வயல்கள் தோட்ட பங்களாக்களாயின. பாசனத் தேவை குறையவே ஏரியின் மதிப்பும் குறைந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. குடியிருப்புக்கு நிலம் தேடிய நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1923இல் நீள ஏரியின் கரை உடைக்கப்பட்டு நீர் வெளியேற்றப்பட்டது; 1925க்குள் அங்கே சாலைகளும் மனைகளும் கொண்ட புதுநகர் உருவாகி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்றது. அதன் நடுப்பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் சூட்டப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் படிப்படியாகத் தூர்ந்து, அதன் நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் பெயரளவில் அந்த ஏரிகளை நினைவூட்டுகின்றன.

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு தந்த இத்திட்டம் நகரத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நீர்ப்பறவையின் நோக்கில், மருதநிலத்தின் நடுவே தொடர்ச்சியாக இருந்த நீர்வழி ஒன்று சில ஆண்டுகளில் அறுந்துபோயிற்று. நகரம் என்பதே புதிய வகையான நிலத்தடையாக எழுந்தது. நாமக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் கடக்கப் பயனற்ற வெளியான அதே கட்டடப்பரப்பு, பாறைமுகடுகளுக்குப் பதிலாக மாடிவிளிம்புகளில் கூடுகட்டக் கற்ற மாடப்புறாவுக்கும், மனிதர் எறியும் உணவை நம்பிய காகத்துக்கும் மைனாவுக்கும் விரிந்த வாழிடமாயிற்று. இன்று தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நிற்கும் ஒருவர் காணக்கூடிய பறவைகள் பெரும்பாலும் இவையே. மழைநீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. ஏரிநிலம் தாழ்ந்ததாகையால் பெருமழையில் தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் நீர் தேங்குவதும், அந்நீர் மாம்பலம் கால்வாய் வழியே நந்தனம் தாண்டி அடையாற்றை நாடுவதும் தொடர்கின்றன.

முகத்துவாரத்தின் மணல்மேடு

மயிலாப்பூருக்குத் தெற்கே கடலோடு கலக்கும் அடையாறு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமே உடையது. செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீரே அதன் மழைக்கால வெள்ளம். சென்னைக் கரையோரமாக அலைகள் ஆண்டில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் அந்த மணலோட்டத்தை மறித்ததால், துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அதே மணல், ஆற்றில் நீரோட்டம் குன்றும் கோடையில் அடையாற்றின் வாயில் குவிந்து மேடாகி, கடலையும் ஆற்றையும் பிரித்துவிடுகிறது; வடகிழக்கு மழையின் வெள்ளம் வந்து மோதி அந்த மேட்டை உடைக்கிறது.

இந்த உடைப்பில்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவரும் சிறு பறவைகளின் உணவு அடங்கியுள்ளது. வாய் திறந்திருக்கும்போது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், நாள்தோறும் இருமுறை கழிமுகத்துக்குள் ஏறி இறங்குகிறது. நீர் இறங்கும்போது வெளிப்படும் சேற்றுத்திட்டில் புழுக்களும் சிறு நண்டுகளும் இறால்குஞ்சுகளும் நிறைந்திருக்கும். அலகின் நீளத்துக்கு ஏற்பப் பறவைகள் அச்சேற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன: குட்டை அலகுடைய உப்புக்கொத்தி ஓடிச்சென்று மேற்பரப்பில் கொத்துகிறது, கொசு உள்ளான் சேற்றின் மேலடுக்கை விடாமல் துழாவுகிறது, வளைமூக்கு உள்ளான் ஆழத்தில் அலகைச் செலுத்துகிறது, நெடுங்கால் உள்ளான் நீரில் நின்றபடியே இரைதேடுகிறது. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் வடதுருவத்தை அடுத்த தூந்திர வெளியில் முட்டையிடுபவை. மத்திய ஆசிய வலசைப்பாதை எனப்படும் வான்வழியே அவை தெற்கே வந்து சேர்வதும், வடகிழக்கு மழை அடையாற்றின் வாயைத் திறப்பதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கின்றன. வாய் மூடியிருந்தால் ஓதம் இல்லை. ஓதம் இல்லையேல் சேறு நீரில் மூழ்கியோ காய்ந்தோ கிடக்கும். அப்போது பறவைக்கு இங்கு வேலையில்லை.

தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், பஞ்ச நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி மயிலாப்பூர் வழியே ஓடி, கழிமுகத்தின் உவர்நீரை நகருக்குள் கொண்டுசென்றது. பின்னர் அக்கால்வாய் கழிவுநீர் ஓடையாகி, பறக்கும் ரயிலின் தூண்களையும் தாங்க நேர்ந்தது. முகத்துவாரத்தின் வடகரையில் கழிநிலம் குடியிருப்பாகவும் கட்டட இடிபாடு கொட்டும் இடமாகவும் சுருங்கியது. அவ்விடத்தின் ஒரு பகுதியில், 58 ஏக்கர் பரப்பில், நீர்நிலையை மீட்டு, கரையோரச் செடிகளை நட்டு, 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, இழந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் பறவை திரும்பும் என்பதை மெய்ப்பித்தது. நீர்க்காகமும் வக்காவும் மீன்கொத்தியும் இன்று அங்கே இயல்பாகக் காணப்படுகின்றன.

வலசை வழியில் தோப்புகள்

நீர்ப்பறவைகளுக்குக் கழிமுகம் எத்தகையதோ, காட்டுப்பறவைகளுக்குக் கிண்டியும் அடையாற்றுத் தோப்புகளும் அத்தகையன. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும், மங்கிய மஞ்சள் மார்பும், கண்ணின் ஊடே கருங்கோடும், குட்டை வாலின் அடியில் செஞ்சிவப்பும் கொண்ட இப்பறவை, இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரிக்கிறது. காட்டுத்தரையின் ஈரச்சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்னும் அதற்கு, மழை ஓய்ந்து சருகு காய்ந்ததும் அங்கே பிழைப்பில்லை. அப்போது தெற்கே வடகிழக்கு மழை தொடங்கிச் சருகு நனைகிறது. ஆகவே இரவில் பறந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சென்னை வீடுகளின் முற்றத்திலும் மாடியிலும் களைத்து விழுந்து கிடக்கும் ஆறுமணிக்குருவிகள் இந்த இரவுப் பயணத்தின் வழியைக் காட்டுகின்றன. செந்தலைப் பூங்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் கொடிக்கால் வாலாட்டியும் அதே பருவத்தில் அதே தோப்புகளின் நிழலில் தங்குகின்றன. கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில், சருகு கூட்டப்படாத நிழல்தரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவை இறங்க முடியும்.

அத்தகைய தரை எஞ்சியது சில நிறுவனங்களின் வரலாற்றால். ஆளுநரின் ஊர்ப்புற மாளிகையைச் சுற்றி வேட்டைக்கும் ஓய்வுக்கும் விடப்பட்ட கிண்டிக் காடு, பின்னர் பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1959இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் ஒரு பகுதியில் அமைந்தது. மிஞ்சிய ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. 1882இல் அடையாற்றின் தென்கரைக்கு வந்த பிரம்மஞான சபை, ஆறும் கடலும் சேரும் இடத்தில் தன் பரந்த தோட்டத்தைக் கட்டடமாக்காமல் காத்தது. தோட்ட பங்களாக்களில் நட்ட மாவும் ஆலும் தூங்குமூஞ்சி மரமும், பனையும் முள்ளும் மட்டுமே இருந்த மணற்கரையில் மரப்பொந்துக் குக்குறுவானுக்கும் மாங்குயிலுக்கும் இடம் தந்தன. மனிதர் கை பறவைகளின் எல்லையைச் சுருக்கியது மட்டுமின்றி விரிக்கவும் செய்தது என்பதை இத்தோட்டங்கள் காட்டுகின்றன. ஆனால் இம்மரங்கள் புயலுக்கு எளிதில் சாய்பவை. 1989இல் ஒரு புயல் சபையின் பெயர்பெற்ற ஆலமரத்தின் அடிமரத்தைச் சாய்த்தது. 2016 டிசம்பர் 12 அன்று கரைகடந்த வர்தா புயல் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. கரையோரக் காற்றுக்குப் பழகிய உலர் பசுமைமாறாக் காட்டின் குறுமரங்களை நகரத் தோட்டங்களில் நடவேண்டிய தேவையை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

எஞ்சியவை

தென்சென்னையின் பறவைகளைப் பதிவுசெய்யும் மரபு பக்லியோடும் ஜெர்டனோடும் நின்றுவிடவில்லை. மயிலாப்பூரில் வளர்ந்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து எழுதிய பத்திகளில், ஊர்ப்புறத்துச் சாதாரணப் பறவைகளையும் உற்றுநோக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். 1978இல் தொடங்கிய சென்னை இயற்கையாளர் சங்கத்தின் உறுப்பினர்களும், 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்போரும் அடையாறு, கிண்டி, பள்ளிக்கரணை ஆகிய இடங்களின் பட்டியல்களை ஆண்டுதோறும் வளர்த்துவருகின்றனர். எந்தப் பறவை எந்த வாரத்தில் வந்தது, எந்த ஆண்டில் வராமற்போயிற்று என்ற குறிப்புகள் சேரச்சேர, மழைக்கும் பறவைக்கும் உள்ள உறவு எண்ணாலும் எழுத்தாலும் உறுதிப்படுகிறது.

இன்று நீள ஏரி இழந்த பணியைத் தென்சென்னைக்குச் செய்துவருவது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். தெற்கேயுள்ள பல ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் கழிமுகத்துக்கும் அனுப்பும் இந்நிலம், குப்பைமேட்டாலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் தன் பழைய பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. இருந்தும் பூநாரை, கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி, சேற்றுப் பூனைப்பருந்து உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. 2022இல் அதன் 1,247 ஹெக்டேர், ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மலையை எவரும் நகர்த்த முடியாது. பருவக்காற்றின் திசையை ஓர் அரசாணையால் மாற்ற முடியாது. இவ்விரண்டும் இட்ட எல்லைக்குள் பறவைக்கு இடம் தருவதும் மறுப்பதும் மனிதர் கையில் இருக்கிறது என்பதே தென்சென்னையின் முந்நூறாண்டுப் பதிவுகள் தரும் முடிவு. நீள ஏரி திரும்பி வரப்போவதில்லை. ஆனால் பள்ளிக்கரணையின் எல்லைக்குள் இனி ஒரு மனையும் ஏற்கப்படக் கூடாது. மாம்பலம் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் கழிவுநீரிலிருந்து மீட்கப்பட வேண்டும். அடையாற்றின் வாய் ஓதம் ஏறி இறங்கும்படி மழைக்காலம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். கிண்டியும் அடையாற்றுத் தோப்புகளும் கழிமுகமும் தனித்தனித் துண்டுகளாகக் கருதப்படாமல் ஒரே தொடராகக் காக்கப்பட வேண்டும். பறவைக்கு வேண்டிய இந்த நீரும் நிழலும்தான் வெள்ளத்தில் தவிக்கும் மாம்பலத்துக்கும் கோடையில் குடிநீர் தேடும் மயிலாப்பூருக்கும் வேண்டியவை.